இருபத்துமூன்றாம் கட்டத்துக் குடித்தனம்

ரோவேனா டிங்லி எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடமாட்டாள். அவள் எதிரே வந்தால் எங்கள் டார்பி ஓடை ஊர் ஆண்கள் குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போவார்கள். கணவன் ஹைரம் தங்கம் தேடி அலாஸ்காவுக்குப் போனவன், ஒரே ஒரு தபால் அட்டையோடு சரி. அவள் கேள்விக்குப் பயந்துதான் ஓடிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதை முதலில் சொல்லிச் சிரித்தவளும் அவள்தான்.

1906இல் மிசூரியை விட்டு இந்த ஆரிகன் மலைக்கு வந்து, நூற்றறுபது ஏக்கருக்குக் குடியேற்ற மனுப் போட்டாள். ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், பயிர் செய்ய வேண்டும். பிறகு இரண்டு சாட்சிகளோடு நில அலுவலகத்தில் சத்தியம் செய்தால் நிலம் சொந்தம். வீடு கட்டிவிட்டதாகச் சத்தியம் செய்து, பொம்மை வீட்டை நட்டுவைத்திருந்த புண்ணியவான்களும் இந்த மலையில் உண்டு. ரோவேனா அந்த ரகம் இல்லை. முந்தைய காட்டுத் தீயில் கருகிக் கிடந்த சரிவைத் தன் கையால் திருத்தி உருளைக்கிழங்கு போட்டாள். கிணறு வெட்டினாள். தானும் பக்கத்து நிலத்து லெமுவெல் ஸ்ட்ராட்டும் ஒரு கருகிய தேவதாருவை வெட்டிப் பிளந்த பலகைகளால் கூரை வேய்ந்தாள்.

சத்தியம் செய்ய மூன்று வாரம் இருக்கும்போது ரயில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. "தாங்கள் குடியிருப்பது இருபத்துமூன்றாம் கட்டம். அது எங்களுடையது."

எங்கள் மலையில் நிலம் சதுரங்கப் பலகை மாதிரி. கட்டம் ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல். ரயில் பாதை போடுவதற்காக அரசாங்கம் அந்தக் காலத்தில் ஒற்றைப்படைக் கட்டங்களைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. இரட்டைப்படைதான் குடியானவர்களுக்கு. காகிதத்தில் கோடு பளிச்சென்று இருக்கும். காட்டுக்குள் வந்து பார்த்தால் மரமும் புதரும்தான். ரோவேனா மனுப் போட்டது இருபத்திரண்டாம் கட்டத்துக்கு. அவள் வீடு இருபத்திரண்டில் இருக்கிறதா, இருபத்துமூன்றிலா என்பதுதான் இப்போது கேள்வி. ஐந்து வருடப் பாடும் அந்த ஒரு எண்ணில் தொங்கியது.

நில அளவையர் ஜெப்தா ஹோல்கம் வந்தார். நாலு கட்டங்களும் கூடும் மூலையில் நட்ட கம்பத்தைத் தேடினார். அது தீயில் எப்போதோ எரிந்து போயிருந்தது. பழைய அளவைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கூரைக்கு வெட்டிய அந்தத் தேவதாருவின் அடிக்கட்டை முன் மண்டியிட்டார். தரையை ஒட்டிப் புடைத்திருந்த இடத்தைக் கோடாலியால் மெல்லச் செதுக்கினார். உள்ளே இரண்டு எழுத்துகள் தெரிந்தன.

"சாட்சி மரம்!" என்றார். "மூலைக் கம்பம் போனாலும் இடம் தெரியணும்னு சுத்தி நாலு மரத்துல செதுக்கி வைப்பாங்க. கம்பெனிக்கு நிலம் கொடுக்கிற காலத்துல அளந்தது."

"எதுக்குக் கீழே செதுக்கணும்? குனிஞ்சு செதுக்க அவங்களுக்கு இடுப்பு வலிக்காதா?" என்று கேட்டாள் ரோவேனா.

"எவனாவது மரத்தை வெட்டிட்டாலும் அடிக்கட்டையில அடையாளம் நிக்கணுமே. இது சாட்சி மரம்னு மட்டும் கீழே இருக்கும். எண் மேலே இருக்கும், நெஞ்சு உயரத்துல. மரம் எந்தக் கட்டத்துல நிக்குதோ அந்த எண். குறிப்புல ரெண்டு தேவதாரு இருக்கு, ஒண்ணு இருபத்திரண்டுல, ஒண்ணு இருபத்துமூணுல. இது எதுன்னு தெரிஞ்சா உங்க வீடும் எதுலன்னு தெரிஞ்சிடும். அந்த மேல் துண்டு எங்கேம்மா?"

ரோவேனா வாயைத் திறப்பதற்குள் லெமுவெல் முந்திக்கொண்டார். "கூரைக்குப் பிளந்தாச்சு ஐயா. மிச்சம் மீதி அடுப்புக்குப் போயிடுச்சு."

அப்படிச் சொல்லும்போது அவர் அந்தத் துண்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருடமாக வாசலில் விறகு பிளக்கும் கட்டையாக இருந்தது அது. பக்கவாட்டில் ஒரு நீளத் தழும்பு. பட்டை இரண்டு பக்கமும் வளர்ந்து உதடு போல மூடியிருந்தது. அது என்ன என்று ரோவேனா கேட்காத ஆள் இல்லை. கரடி கீறியது என்று லெமுவெல்தான் அடித்துச் சொல்லியிருந்தார். இப்போது மேலங்கியை விரித்துப் போட்டு அதை மறைத்துக்கொண்டு, கோழி அடைகாப்பது போல நகராமல் இருந்தார்.

"எண் இல்லன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க சத்தியமும் சாட்சியும்தான் நிக்கும். நாளைக்குக் காலையில வந்து அறிக்கை எழுதறேன்" என்று சொல்லிவிட்டு ஹோல்கம் தன் கூடாரத்துக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் லெமுவெல் குதித்து எழுந்தார். "ஜெயிச்சாச்சு ரோவேனா! இதை இப்பவே அடுப்புல போட்டுடு."

"அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்காமலா?"

"பாக்காத வரைக்கும் உனக்குத் தெரியாது. தெரியாததைப் பத்திச் சத்தியம் பண்ணா பொய் இல்ல. பாத்துட்டா போச்சு!"

"அஞ்சு வருஷமா இது என்னன்னு கேட்டுட்டு இருக்கேன் லெமுவெல். நீ கரடின்னு சொன்ன."

"இப்பவும் கரடிதான்னு வெச்சுக்கயேன்!"

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. கிணற்றைப் பார்த்தாள், கிழங்குப் பாத்தியைப் பார்த்தாள். பார்க்காமல் எரித்தால் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆப்பை எடுத்துத் தழும்பின் ஓரத்தில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தாள். மூன்றாம் அடியில் கட்டை பிளந்தது.

ஒரு பாதியில் உளி வெட்டிய எண்கள், நேற்றுச் செதுக்கியவை போல. அதை மூடி வளர்ந்த மறு பாதியில் அதே எண்கள் இடவலம் மாறிப் புடைத்துக்கொண்டு நின்றன. இரண்டும் மூன்றும். இருபத்துமூன்று.

ரோவேனா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். லெமுவெல் பக்கத்தில் வந்து குந்தினார். "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. நான் சாட்சி சொல்றேன். இருபத்திரண்டுதான்னு சத்தியம் பண்றேன்" என்றார்.

"அதான் எனக்குப் பயம். பொய்ச் சத்தியம் பண்ணினவங்க ஜெயிலுக்குப் போனது உனக்குத் தெரியாதா? என் நிலத்துக்காக நீ உள்ளே போகணுமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி கட்டையைப் பார்த்தாள். "முப்பத்தொரு வளையம் மேல வளந்து மூடியிருக்கு. எண்ணிப் பாரேன்."

"இந்த நேரத்துல வளையம் எண்றாளே, இவளை என்ன சொல்றது!" என்று தலையில் அடித்துக்கொண்டார் லெமுவெல்.

மறுநாள் ஹோல்கம் வந்தபோது இரண்டு பாதிகளும் வாசலில் இருந்தன. அவரும் வளையங்களை எண்ணினார். 1871இல் அளந்த குறிப்பு, 1902இல் மரத்தைக் கொன்ற தீ. முப்பத்தொன்று சரியாக இருந்தது. லெமுவெலை ஒரு பார்வை பார்த்தார்.

"இதை எரிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே அம்மா" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே. சரி, இதைச் சொல்லுங்க. கம்பெனிக்கு நிலத்தைச் சும்மாவா கொடுத்தாங்க? ஒரு நிபந்தனையும் இல்லையா?"

"இருக்கு. குடியிருக்கிறவங்களுக்குத்தான் விக்கணும். ஒருத்தருக்கு நூத்தறுபது ஏக்கர், ஏக்கர் ரெண்டரை டாலருக்கு மேல கூடாது."

"அப்போ இதைக் கம்பெனி எனக்கு வித்தாகணும்!"

"ஆகணும்தான். ஆனா விக்கிறதில்ல."

"ஏன்?"

ஹோல்கம் சிரித்துவிட்டார். "அதையேதான் அரசாங்கமும் கோர்ட்டுல கேட்டுட்டு இருக்கு. கேக்கிறவங்க வரிசையில நீங்களும் போய் நில்லுங்க."

ரோவேனா நின்றாள். குடியேற்ற மனு தள்ளுபடியானது, ஆனால் வீட்டைக் காலி செய்யவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள்: "சட்டப்படி இந்த நிலத்தை எனக்கு விற்கவும். மாட்டீர்கள் என்றால் ஏன் என்று தெரிவிக்கவும்." வசந்தம், இலையுதிர் காலம் என்று வருடத்துக்கு இரண்டு முறை கம்பெனி ஆள் குதிரையில் வந்து வெளியேற்ற அறிவிப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போவான். அவள் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்து, குதிரைக்கு என்ன வயது என்று கேட்பாள். "அந்தக் காகிதத்தை ஏன் இப்படிப் பத்திரமா அடுக்கி வெக்கிற, அடுப்பு மூட்டலாம்ல?" என்பார் லெமுவெல். தனக்கு வரும் ஒரே தபால் அதுதான் என்பாள் அவள்.

1916இல் சட்டம் வந்தது. நிபந்தனையை மீறியதால் விற்காமல் வைத்திருந்த ஒற்றைப்படைக் கட்டங்களை எல்லாம் கம்பெனியிடமிருந்து அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. மரம் அடர்ந்ததெல்லாம் காட்டு நிலம், மீதி விவசாய நிலம் என்று பிரித்தார்கள். மரம் எண்ண வந்தவர்கள் ரோவேனாவின் சரிவில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள். மூலைக் கம்பத்தைத் தின்ற அதே தீ பெரிய மரங்களையும் தின்றிருந்தது. எனவே அது விவசாய நிலம் ஆனது. 1913 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அங்கேயே தொடர்ந்து குடியிருப்பவருக்கு அதை மனுப் போட்டு வாங்க முதல் உரிமை.

நில அலுவலகத்தில் குமாஸ்தா மூக்குக்கண்ணாடி வழியே பார்த்தார். "அந்தத் தேதியில நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு என்ன அத்தாட்சி? பக்கத்து வீட்டுக்காரர் சத்தியமெல்லாம் நிறையப் பாத்தாச்சு."

சத்தியம் செய்யக் கையைத் தூக்கிக்கொண்டு வந்த லெமுவெல் கையை இறக்கிக்கொண்டார். ரோவேனா பையிலிருந்து அந்த அறிவிப்புக் காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை, தேதி, ஆளின் கையெழுத்து. குமாஸ்தா 1913 அக்டோபர் காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். "இருபத்துமூன்றாம் கட்டத்தில் எங்கள் அனுமதியின்றிக் குடியிருந்துவரும் திருமதி ரோவேனா டிங்லிக்கு, நேரில் வழங்கப்பட்டது..."

அடுத்தது 1914 ஏப்ரல். அதிலும் அதே கட்டம், அதே பெயர். அதற்கடுத்ததையும் படித்தார். கடைசிக் காகிதம் வரை படித்துவிட்டு, பேனாவை மையில் தோய்த்தார்.

"இவ்வளவு அறிவிப்பு வந்தும் நீங்க ஏம்மா போகல?"

"போகச் சொன்னாங்களே தவிர, ஏன்னு கேட்டதுக்குக் கடைசி வரைக்கும் யாரும் பதில் எழுதலையே" என்றாள் ரோவேனா.