கடைசி சீட்டுக்கு அடியில் இரண்டு வூஃபர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. நைரோபியில், அதுவும் பட்டப்பகலில். எனக்குச் சொன்ன முசெம்பி பேய்க்குப் பயப்படுகிற ஆளே இல்லை. ஆனால் சொல்லி முடிக்கும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மட்டாட்டூ என்று அங்கே சொல்லும் தனியார் மினி பஸ்களுக்குப் பாட்டு செட் மாட்டுவதுதான் அவன் தொழில். ரோங்காய் போகும் மினி பஸ் ஒன்றில், கடைசி சீட்டுக்கு அடியில் பேஸ் சத்தத்தை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் இரண்டு போட்டிருந்தான். ஓட்டிப் பார்த்த அன்று வண்டியே அதிர்ந்தது. மறுநாளே பேஸ் சோர்ந்துவிட்டது. பேஸ் அதிராத வண்டியில் அங்கே இளசுகள் ஏறமாட்டார்கள்.

"என்னண்ணே, உன் செட்டு கொசு மாதிரி பாடுது?"

நிறுத்தத்தில் எல்லோரும் கிண்டலடித்தார்கள். கண்டக்டர் ஒடெக் மட்டும் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு கடைக்குப் போவேன் என்றார் வண்டி முதலாளி. அப்படி நடந்தால் அந்தத் தடத்தில் முசெம்பியை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

பேட்டரி சரியாக இருந்தது. ஃபியூஸ் போகவில்லை. எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினான். கடைசியில் வூஃபர் பெட்டியைத் திறந்தால்... ஒரு வூஃபரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். தொழில் பழகாத பையன்கள் செய்கிற தப்பு. அவமானத்தில் முசெம்பிக்குக் காது சுட்டது.

சரியாகத்தானே மாட்டினோம்?

மாற்றி மாட்டினான். யாராவது திறந்தால் தெரியட்டும் என்று பெட்டியின் திருகுகளின் மேல் சிவப்பு பெயிண்ட் வைத்தான். கடைசி சீட்டில் அவனே உட்கார்ந்துகொண்டான். ஏறியிருந்த நாலைந்து பேரும் முன்னால் இருந்தார்கள். பேஸ் நெஞ்சில் இடித்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியது.

பேஸ் செத்தது.

டொக்... டொக்...

காசால் கம்பியில் தட்டும் சத்தம். இறங்க வேண்டியவர்கள் அங்கே அப்படித்தான் தட்டுவார்கள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

டொக்... டொக்... டொக்...

காதருகில். பக்கத்து சீட் அமுங்கியிருந்தது.

வண்டி நிற்கவில்லை. நிறுத்தம் தாண்டியது. தட்டல் வேகமானது. பிறகு மெலிந்தது...

நின்றது.

சீட் மட்டும் நிமிரவில்லை.

ரோங்காயில் பெட்டியைத் திறந்தான். பெயிண்ட் கலையவில்லை. உள்ளே வயர்கள் மறுபடி மாறியிருந்தன.

"யாருடா தட்டினது?"

ஒடெக் தரையைப் பார்த்தான். "உங்களுக்கும் கேட்டுச்சா... சொல்ல வேணாம்னு இருந்தேண்ணே. போன வாரம் ஒரு பெரியவரு அந்த சீட்டுல ஏறினாரு. ஆஸ்பத்திரில எறக்கிவிடுன்னாரு. நான் பாட்டுல மறந்துட்டேன். கடைசி ஸ்டாப்புல எழுப்பப் போனா... போயிட்டாரு. காசு விரலுக்கு நடுவுலயே இருந்துச்சு."

"என்னைக்கு?"

"செட்டை ஓட்டிப் பாத்தோமே, அன்னைக்கு. நீங்க முன்னாடி உக்காந்திருந்தீங்க, நீங்களும் மொதலாளியும் எறங்கிப் போன பெறகுதான் நான் பாத்தேன். அந்தச் சத்தத்துல யாருக்குண்ணே கேட்டிருக்கும்? உங்க தப்பு இல்ல."

முசெம்பியால் தலை நிமிர முடியவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அவனுக்குக் கேட்டிருந்தது. ஆஸ்பத்திரி பக்கம் வரும்போது, பின்னாலிருந்து, விட்டு விட்டு. அதிர்வில் ஏதோ தகடு கழன்று ஆடுகிறது என்று நினைத்தான். முதலாளி பக்கத்தில் இருந்தார். அவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று, கையை நீட்டி, பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.