அமீது பாய் தம்பிக்காக வைத்திருந்த பக்கம்

பேருந்து வடமதுரையைத் தாண்டும்போது அமீது பாயின் மனைவி ஜமீலா அக்கா அழைத்தார். "அவுக போயிட்டாகம்மா" என்றார். திண்டுக்கல்லில் ஒரே டிடிபி கடையில், அடுத்தடுத்த இருக்கைகளில் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தவர்கள் அமீது பாயும் நானும். அழுகைக்கு நடுவே அக்கா இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பக்கம் இருக்கான்னு பாரும்மா. ஆஸ்பத்திரில அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாக."

எந்தப் பக்கம் என்று பாயை அறிந்தவர்களுக்குத் தெரியும். பெற்ற அத்தாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன தம்பி இப்ராகிமுக்காக, இணையம் நம் ஊருக்குப் புதிதாக வந்த காலத்தில் அவரே உருவாக்கிய தளம் அது. பச்சைப் பின்னணியில் தம்பியின் படம், வீட்டு முகவரி, ஒரு வரி: "இப்ராகிம், யாருக்கும் கோபமில்லை. வந்துவிடு." கைபேசியில் திறந்தால் பாதி எழுத்து ஓரத்தில் வெட்டுப்படும். புதிதாக மாற்றித் தருகிறேன் என்றேன். "வேணாம்மா. ஒருக்கா பாத்துட்டுப் போயிருந்தான்னா, மறுக்கா வாரப்ப அடையாளம் தெரியணும்ல."

ஒருநாள் அந்தத் தளத்தின் வழியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. "நான்தான். பழனி பேருந்து நிலையத்துக்கு வா." பாய் என்னைத் துணைக்கு அழைத்தார். "ஜமீலாட்ட சொல்லல. பொய்யாப் போனா தாங்க மாட்டா." பழனியில் இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் அவர் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒருவன் வந்து நின்றான். இப்ராகிம் இல்லை.

"மன்னிச்சுக்கோங்க. நானும் ஊட்டை உட்டு வந்தவனுங்க. எங்கூட்டுல தேடுவாங்களான்னு தெரியலீங்க. தேடுறவங்களை ஒருக்கா பாக்கோணும்னு இருந்துச்சுங்க."

பாயின் உதடு துடித்தது. அடித்துவிடுவார் என்றே பயந்தேன். அவர் தன் போனை நீட்டினார். "வீட்டு நம்பர் ஞாபகம் இருக்குல்ல? போடு. நான் பேசுறேன்." மறுமுனையில் ஒரு பெண் அலறி அழுதது எனக்கே கேட்டது. திரும்பும்போது பாய் சன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். ஒட்டன்சத்திரம் வந்த பிறகுதான், "நம்ம பக்கம் ஒரு வீட்டுக்காவது ஆளைக் கொண்டு சேத்துருச்சும்மா" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பார்த்தேன். தளத்தின் பெயருக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது; கூடுதலாகத் தந்த அவகாசத்தின் கடைசி நாள் அது. அன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாய் முன்பே தந்த கடவுச்சொல் என்னிடம் இருந்தும், உள்ளே நுழைவதற்கான எண் அவர் போனுக்குத்தான் போகும். அதன் பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. சிம்மைக் கழற்றி அக்காவின் போனில் போட்டோம். முதல் எண் தாமதமாக வந்து செல்லாமல் போனது. அடுத்ததை அவசரத்தில் நானே தப்பாகத் தட்டினேன். இன்னொரு முறை தவறினால் கணக்கு முடக்கப்படும் என்று திரையில் சிவப்பாக வந்தது. கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த அக்கா வாசலுக்கு வர முடியாது. சிக்னலுக்காகச் சன்னலோரம் நின்று, மூன்றாம் முறை வந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். தட்டி உள்ளே போய்ப் பணத்தைக் கட்டினேன். பச்சைப் பின்னணி திறந்தது.

பாய் இறந்ததை அதில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அக்கா திரையிலிருந்த இப்ராகிமின் படத்தைத் தொட்டார்.

"வேணாம்மா. அண்ணனே இல்ல, இனி எதுக்குன்னு வராம இருந்துருவான். வரட்டும். வந்த பெறகு நான் சொல்லிக்கிறேன்."

பாயிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்திருப்பது அந்தப் பக்கத்தின் கடவுச்சொல். பக்கத்தில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. அவரை அறிந்தவர்களே, எங்கேனும் இப்ராகிமைப் பார்த்தால் வேறெதுவும் சொல்லாதீர்கள். வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.