உட்கார்ந்தபடி நடந்த பத்தொன்பதாயிரம் அடி

எங்கள் தையல் கம்பெனிக்கு இதுவரை ஆறு நர்ஸ்கள் வந்திருக்கிறார்கள். முதல் ஐந்து பேரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார்கள், விரலில் ஊசி ஏறினால் கட்டுப் போட்டார்கள், ஒரு வருஷத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறாவது ஆள் அப்படி இல்லை. அவருக்கு இங்கே வைத்த பெயர் 'எந்திரிம்மா'. எந்த லைன் பக்கம் போனாலும் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணின் முதுகில் தட்டி, "எந்திரிம்மா, ரெண்டு நிமிஷம் எந்திரி" என்பார். சூப்பர்வைசர் முறைத்தால் இவரும் திருப்பி முறைப்பார்.

நான் ஸ்டோர்காரன். நூல், பட்டன், ஊசி எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். அங்கே உட்கார்ந்தால் எட்டு லைன், முன்னூறு மிஷின், மொத்த ஹாலும் தெரியும். அதனால் இந்தக் கதையில் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நர்ஸ் இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர். அவர் பார்த்தது சர்க்கரைக்காரர்களின் கால் புண் வார்டு. ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "மொதல்ல விரலை எடுப்பாங்க அண்ணே. அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால் வரைக்கும். எடுத்த எடத்துல கட்டுப் போட்டுப் போட்டே எனக்கு அலுத்துப்போச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது பண்ண முடியுமான்னு பாக்கத்தான் இங்க வந்தேன்."

தலைமை அலுவலகம் அந்த வருஷம் ஒரு நடைத் திட்டம் அறிவித்தது. எல்லாக் கிளையிலும் தொழிலாளிகள் அதிகம் நடக்க வேண்டும், முதலிடம் வரும் கிளைக்குக் கேடயம், அந்தக் கிளையில் அதிகம் நடந்தவருக்கு விழாவில் முதல் பரிசு. எங்கள் மேனேஜர் நர்ஸைக் கூப்பிட்டு, "சுவர்ல ஒட்ட நாலு நல்ல வாசகம் எழுதிக் குடும்மா, போதும்" என்றார்.

நர்ஸ் வாசகம் எழுதவில்லை. இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு லைன் லைனாக அலைந்தார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், வீட்டுக்கு எப்போது போகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை தடவை நாற்காலியை விட்டு எழுகிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொருவர் இடத்திலிருந்தும் தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை அடி என்று தானே நடந்து எண்ணினார். பிறகு மேனேஜர் அறைக்குப் போனார். நான் சரக்குப் பட்டியலில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

"இவங்க சோம்பேறிங்க இல்ல சார். நடக்கறதுக்கு நீங்க வழியே வைக்கல. நூல் ட்ராலியில வருது, துணி ட்ராலியில வருது, தண்ணியும் ட்ராலியில வருது. பாத்ரூம் போக லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். அதுக்குக் காத்துக் கெடக்கப் பயந்து முக்காவாசிப் பேரு தண்ணியே குடிக்கறதில்ல. வீட்டுக்குப் போனா அடுப்பு, புள்ளைங்க. வெளியில நடக்க நெறையப் பேருக்கு நேரம் கெடையாது. அதனால உங்க நேரத்துலதான் நடக்கணும். மொதல்ல அந்த டோக்கனைத் தூக்குங்க. தண்ணி ட்ராலியையும் நூல் ட்ராலியையும் நிறுத்துங்க. வேணுங்கறவங்க எந்திரிச்சுப் போய் எடுத்துக்கட்டும்."

"அப்ப தைக்கறது யாரு, உங்க தாத்தாவா?" என்றார் மேனேஜர். டோக்கன் இருந்தது, ட்ராலியும் இருந்தது. அதற்குப் பதிலாக அடி எண்ணும் கருவிகள் முன்னூறு வந்து இறங்கின.

கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கொள்ளும் சின்னப் பட்டை. மணிக்கட்டில் கட்டினால் துணியோடு சேர்ந்து ஊசிக்குள் போய்விடும் என்று சூப்பர்வைசர்கள் கத்தினார்கள். அப்போது நான்தான் சொன்னேன், "கணுக்கால்ல கட்டிட்டாப் போச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் மாதமே எங்கள் கிளை மற்ற எல்லாக் கிளைகளையும் தூக்கிச் சாப்பிட்டது. அதிலும் நான்காவது லைன் காலர் அக்கா தினமும் பத்தொன்பதாயிரம் அடி. இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைக் காலர் மட்டுமே தைப்பவர். கனத்த உடம்பு, வீங்கிய கால், சர்க்கரை. அவரா இத்தனை நடக்கிறார் என்று எங்களுக்கு ஆச்சரியம். எப்போது நடக்கிறார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒருநாள் அவர் மிஷினுக்கு அடியில் ரத்தம். பக்கத்து மிஷின்காரி பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது. உடைந்த ஊசி ஒன்று செருப்பைத் துளைத்து இடது உள்ளங்காலில் ஏறியிருந்தது. கால் மரத்துப்போய் வலியே தெரியவில்லை. டாக்டர் புண் ஆறும்வரை நடக்கவே கூடாது என்றார். அக்காவின் கணவர் வண்டியில் கொண்டுவந்து வாசலில் விடுவார், நர்ஸ் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுவந்து மிஷினில் உட்கார வைப்பார்.

அந்தப் பதினைந்து நாளும் அக்காவின் கருவியில் பத்தொன்பதாயிரம்.

பதினாறாம் நாள் நர்ஸ் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் அக்காவின் வலது காலையே பார்த்தார். மிஷினின் மிதி அழுந்தும்போதெல்லாம் கணுக்கால் பட்டையில் எண் ஏறியது. எழுந்து நேராக என் ஜன்னலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மிஷினை மிதிக்கறதையெல்லாம் நடையா எண்ணிக்கிட்டு இருக்கு அண்ணே! யாரு ஒக்காந்த எடத்தை விட்டு அசையவே இல்லையோ அவங்கதான் முதல் பரிசு. இதைவிடக் கொடுமை தெரியுமா? அக்கா முன்னெல்லாம் சாப்பிட்டுட்டு தெருவுல இருபது நிமிஷம் நடப்பாங்களாம். இது வந்ததுக்கப்புறம் அதையும் விட்டுட்டாங்க. 'அதான் கம்பெனியிலயே அவ்வளவு நடந்துடறேனே சிஸ்டர்'ங்கறாங்க. சர்க்கரை ஏறிக் கெடக்கு. யாரு இதைக் கால்ல கட்டச் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

மேனேஜரிடம் போனார். கணக்கு ஏற்கெனவே மேலே போய்விட்டதாம், கேடயம் எங்களுக்குத்தானாம், அடுத்த வாரம் தலைமை அலுவலகத்து மேடமே வருகிறாராம். வாயைத் திறந்தால் வேலை இருக்காது என்றார்.

"வேலை போனா வேற வேலை தேடிக்கறேன். அவங்க கால் போனா வேற கால் எங்க சார் தேடறது?" இதைச் சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு வெளியே வந்தார். ஹால் முழுக்கக் கேட்டது.

நான் அவரிடம் கெஞ்சினேன். என் பெயரும் அடிபடும், கொஞ்சம் ஆறப்போடலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அன்று மதியம் என் முன்னாலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அக்கா நன்றி சொல்லவில்லை. வெடித்தார். "இருபத்திரெண்டு வருஷத்துல மொத தடவையா என் பேரை மைக்குல சொல்லப் போறாங்க. அது ஒனக்குப் பொறுக்கலையா? போ சிஸ்டர், போய் உன் வேலையைப் பாரு!"

நர்ஸின் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் இறங்கிவரவில்லை. "திட்டிக்கோங்க. நான் வாயை மூடிட்டு இருந்தா நாளைக்கு உங்க காலுக்கும் நான்தான் கட்டுப் போடணும். போட மாட்டேன் அக்கா. போட்ட வரைக்கும் போதும். புண் ஆறிடுச்சு, இனிமே நடந்தே ஆகணும். உங்க எடத்துலேர்ந்து தண்ணிக் குழாய்க்கு நூத்திப் பன்னெண்டு அடி. அதுலேர்ந்து ஆரம்பிங்க."

விழா நாள் வரை அக்கா அவரோடு பேசவில்லை.

விழா ஹாலிலேயே நடந்தது. மிஷின்கள் ஓய்ந்திருந்தன. முதலிடம் வந்தவரை மிஷினோடு படம் எடுத்தால் நன்றாயிருக்கும் என்று மேனேஜர் சொன்னதால், மேடமே மைக்கோடு நான்காவது லைனுக்கு வந்து கேடயத்தை அக்காவின் மிஷின் மேசையில் வைத்தார். நடையில் முதல் பரிசு வாங்குகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இவ்வளவு எப்படிம்மா நடக்கறீங்க?" என்று கேட்டார் மேடம்.

அக்கா வலது காலை முன்னால் நீட்டினார். கணுக்காலைக் காட்டினார். "இங்க பாருங்க மேடம்." ஓய்ந்திருந்த மிஷினின் மிதியை மிதித்தார், விட்டார், மிதித்தார். எண் ஏறிக்கொண்டே போனது. மேடம் குனிந்து பார்த்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"மிஷின்தான் நடந்துச்சு மேடம். நான் ஒக்காந்துதான் இருந்தேன்." பட்டையை அவிழ்த்துக் கேடயத்தின் மேல் வைத்தார். தன் மிஷினை ஒட்டிய லைன் முனையில் ஆணியில் தொங்கிய டோக்கனை எட்டி எடுத்து அதையும் பக்கத்தில் வைத்தார். "எனக்குத் தண்ணி குடிக்கணும். அப்புறம் பாத்ரூம் போகணும். இது வேண்டாம்."

எழுந்து நடந்தார். மெதுவாக, வாய் முணுமுணுத்தபடி. பத்தடி போவதற்குள் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம் நாலு. அப்புறம் ஹால் முழுக்க நாற்காலிச் சத்தம்தான். என் ஜன்னலைக் கடக்கும்போது அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். குழாயைத் தொட்டதும் மொத்த ஹாலும் கேட்கிற மாதிரி கத்தினார்:

"நூத்திப் பன்னெண்டு! சரியாத்தான் சொல்லியிருக்க சிஸ்டர்!"

நர்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் டோக்கன்களை மறுபடி ஆணியில் மாட்டினார்கள். எட்டு லைனிலும் ஒருத்தர்கூடத் தொடவில்லை, கேட்காமலே எழுந்து போனார்கள். நர்ஸுக்கு மெமோ வந்தது: விழா முடிந்த பிறகும் பதினான்கு நிமிடம் வேலை நின்றதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை. அவர் அதை என் ஜன்னல் பலகையில் வைத்து, என் பேனாவை வாங்கி, ஒரே வரி எழுதினார்: 'நடந்தார்கள்.'

அதன் கீழே அக்கா கையெழுத்துப் போட்டார். நான்காவது லைன் போட்டது, மற்ற லைன்களும் வரிசையில் நின்று போட்டன. கடைசியில் தாள் என்னிடம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: 'கருவியைக் காலில் கட்டச் சொன்னது நான்.'