என் கையெழுத்து போதும்

இரண்டாவது மகளைப் பெற்றபோது ரத்தப்போக்கு நிற்காமல் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு, இனி குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் பேசி முடித்திருந்தோம். காப்பர் டி போட்டிருந்தேன். அதையும் மீறி நாள் தள்ளிப்போனது. அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். பொங்கலுக்கு வந்துவிட்டு சத்தீஸ்கர் போனவர், மழைக்காலத்தில்தான் எங்கள் ஊரான புதுச்சத்திரம் பக்கம் திரும்புவார்.

போனில் சொன்னேன். வண்டிச் சத்தத்திலிருந்து தள்ளிப் போய் நின்று, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க."

"அப்ப வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் என்னயச் சொல்லச் சொல்லாத."

மாமியாரிடம் நானே சொன்னேன். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் பொட்டப்புள்ள. இது பையனா இருந்துட்டா?"

"என்னவா இருந்தாலும் வேண்டாமுங்கத்தை."

அன்றிலிருந்து அவர் என்னோடு பேச்சை நிறுத்தினார்.

முதலில் போன தனியார் கிளினிக்கில், "இதெல்லாம் சட்டப்படி தப்புங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். தப்பு எதுவென்று எனக்குத் தெரியும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் பலரும் அதையும் கருக்கலைப்பையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். நர்ஸ் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஊட்டுக்காரர் வரலீங்களா? அவரு கையெழுத்துப் போடோணுமே."

"அவரு சத்தீஸ்கர்ல இருக்காருங்க. சட்டப்படி என் கையெழுத்தே போதுமுங்க." இப்படி எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

உள்ளே இருந்த பெண் மருத்துவர், "பொண்ணுன்னு யாராவது பார்த்துச் சொன்னாங்களா?" என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனால் இந்த மண்ணில் பெண் குழந்தைகளுக்கு நடந்ததை அறிந்தவர் கேட்கத்தானே வேண்டும்?

"இல்லீங்க. எதுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இவங்க கையெழுத்து போதும்" என்றார்.

காப்பர் டியை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் வலியோடு படுத்திருந்தபோது மாமியார் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார், பேசாமலே. நான் அழுதேன். வருத்தம் இருந்தது. செய்தது தவறென்று மட்டும் தோன்றவில்லை.

நான் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன மில்லின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சில மாதங்கள் கழித்து மதியச் சாப்பாட்டின்போது, எங்கள் சூப்பர்வைசர் போனில் ஒரு செய்தியைக் காட்டினார்.

"வெளிநாட்டுல கருக்கலைப்பைத் தடை பண்ணீட்டாங்க. இங்கயும் பண்ணோணும். அப்பத்தான் பொட்டப்புள்ளைக பொழைக்கும்."

"ஸ்கேன் பார்த்துச் சொல்றவனைப் பிடிக்கட்டுங்ண்ணா. எல்லாத்தையும் மூடுனா, கெடச்ச மாத்திரைய முழுங்கிட்டு பொம்பளைங்க ஊட்டுக்குள்ளயே சாவாங்க."

"அதுவும் ஒரு உசுருதானேம்மா?"

"நானும் அதை நெனைச்சேனுங்க. நெனைச்சுத்தான் முடிவு பண்ணுனேன்."

கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் திக்கென்றது. பின்வாங்கவில்லை.

"என் மனசு ஒப்பலம்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

"உங்களுக்கு ஒப்ப வேண்டாமுங்ண்ணா. ஆனா என்ற ஒடம்புக்கு முடிவு நான்தான எடுக்கோணும்?"

மில்லில் நான் சொன்னது ஊர்வரை வந்துவிட்டது. மாமியார் அன்றுதான் வாயைத் திறந்தார். "இதையெல்லாம் நாலு பேர் முன்னால சொல்லோணுமா?" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் திட்டினார். திட்டி முடித்ததும், "சாப்பிட்டயா?" என்றார்.

அந்த வாரமே, மில்லில் மூட்டை தைக்கும் பெண் ஒருத்தி என்னைத் தனியாக அழைத்தாள். மூன்றாவது முறை உண்டாகியிருந்தாள். கணவன் கலைக்கச் சொல்கிறான், தனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாள். லீவு போட்டுவிட்டு அவளோடு அதே அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் பெத்துக்கறேன். உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? உன் முடிவை நீதான சொன்ன?"

வீட்டில் கணவனிடம் எப்படிச் சொல்வதென்று பயந்தாள். நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் ஊர்ப் பேருந்திலேயே இருவரும் ஏறினோம்.