வீட்டைப் பார்த்துச் சாய்ந்த கொம்புகள்

எங்கள் பள்ளிக்கு முதலில் வந்த வைஃபை பெட்டிக்கு ஆண்டெனா உள்ளேயே இருந்தது. கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டு போல வகுப்பறைக் கூரையில் ஒட்டிக்கொண்டு, அந்த அறைக்கு மட்டும் படியளந்தது. வராண்டாவுக்கு வந்தால் போச்சு. கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மைதானத்தைத் தாண்டி, மரவள்ளிக் காட்டின் ஓரம் ஒரு மிளகு விவசாயியின் வீடு. மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இந்தப் பக்கம் செல்போன் டவர் எட்டாது. அவர் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கும்போதுதான் மகனோடு பேசுவார். "ஊட்டுல சிக்னல் இருந்தா அம்மாவ தினம் வீடியோல பாப்பேனே" என்பானாம் அவன். அந்த அம்மா அதற்காகவே காத்துக் கிடந்தார்.

பிறகு வராண்டாச் சுவருக்கு, வெளியே நாலு ஆண்டெனா நீட்டிய பெட்டி வந்தது. தலைமை ஆசிரியர் சம்மதத்தோடு அந்த விவசாயியின் போனிலும் இணைத்துக் கொடுத்தேன். மனிதர் அன்றே பெஞ்சைப் போட்டு ஏறி, நாலு கொம்பையும் தன் வீட்டைப் பார்த்து நீட்டிவிட்டார். ஒரு காலத்தில் டிவி ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் வரவழைத்த கை அது. வீட்டில் துளி சிக்னல் இல்லை.

"நேரா நிக்கணுங்க. நுனியில ஒண்ணும் வராது, பக்கவாட்டுலதான் பரவும்" என்றேன்.

"ஏனுங்க டீச்சர், நம்ம பக்கம் மூஞ்சியத் திருப்பாம எப்படிங்க பேசும்?"

நான் நிமிர்த்துவேன், அந்தப் பக்கம் நகர்ந்ததும் சாய்த்துவிடுவார். ஒருநாள் நிமிர்த்திவிட்டு எரிச்சலில் கத்தியே விட்டேன். அதோடு தொடுவதை விட்டார். அன்று சாயங்காலமே அவர் வீட்டில் சிக்னல் ஏறியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் மனைவிக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்து மகனை அழைத்தார்.

மணி அடித்து அடித்து நின்றது.

"வேலையா இருப்பானுங்க" என்றார். அடுத்த நாளும் தலைவாரினார், பொட்டு வைத்தார். அதற்கடுத்த நாளும். அனுப்பிய செய்தியை மகன் பார்த்துவிட்டதாக நீல அடையாளம் மட்டும் விழுந்தது. அந்த அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவன் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். அந்தச் சிக்னலைக் கொண்டுவந்த என் மேலும் வெறுப்பாக இருந்தது.

அடுத்த வாரம் பார்த்தால், கொம்புகள் மறுபடி அந்த வீட்டைப் பார்த்து நீட்டிக் கிடந்தன. பிள்ளைகள் வேலை என்று நினைத்து நிமிர்த்தக் கையைத் தூக்கினேன்.

"அப்படியே உட்ருங்க டீச்சர்." பின்னால் அவர் நின்றிருந்தார். "நாந்தானுங்க சாச்சேன். சிக்னல் போயிருச்சுன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."

கையை இறக்கிக்கொண்டேன்.