போகிறவர் கொண்டுபோகும் கேக்

டென்மார்க்கின் வைலே ரயில் நிலையத்தின் முன்னே காலைத் தூறல். தொழிற்பேட்டைப் பேருந்துக்காக என்னருகே காத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரின் மடியில் பெரிய கேக் பெட்டி.

“பிறந்தநாளோ, அண்ணை?”

“இல்லைத் தம்பி, இண்டைக்கு எனக்குக் கடைசி வேலைநாள். இங்க வேலையை விட்டுப் போற ஆள்தான் கேக் கொண்டு போகோணும்.”

அவருடைய தொழிற்சாலை அமெரிக்காவுக்குப் பம்புகள் செய்து அனுப்புகிறது. அங்கே இறக்குமதி வரி ஏறியதால், செலவைக் குறைக்க இயந்திரங்களைப் போலந்துக்கு மாற்றுகிறார்கள். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அரசாங்க ஓய்வூதியம் எழுபதில்தான்.

பேருந்து வருகிறது. பெட்டியை இரு கைகளாலும் தூக்குகிறார்.

“எல்லாருக்கும் காணுமோ?” என்கிறேன்.

“ஓம். போலந்திலயிருந்து வந்த ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மனுசி செய்தவ. நான்தானே அவைக்கு மெஷின் பழக்கினனான்.”