தரைப்படுக்கை நான்கு

மழைக்காலம் வந்தால் காரைக்காலே காய்ச்சலில் படுத்துக்கொள்ளும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த மருத்துவமனையில் பெண்கள் வார்டின் கட்டில்கள் தீபாவளிக்கு முன்பே நிறைந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தரையில் மெத்தை போட்டோம். கட்டிலுக்கு எண் இருப்பதுபோல் தரைக்கும் எண் கொடுத்தோம். ஃப்ளோர் ஒன்று, ஃப்ளோர் இரண்டு, ஃப்ளோர் மூன்று. படுத்திருப்பவர்களுக்குப் பெயர் உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். அத்தனை பெயரையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு யாரால் வேலை பார்க்க முடியும்?

நான் கோட்டுச்சேரிக்காரி. அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறார். எங்கள் சொந்தத்தில் முதல் டாக்டர் நான். படிப்பு முடிந்து பயிற்சி வருடம்தான் நடக்கிறது, இன்னும் முழு டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு அது ஏறாது. கடைக்குப் பருப்பு வாங்க வருகிறவர்கள்கூடத் தங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைப் படம் எடுத்து என் கைபேசிக்கு அனுப்புவார்கள். பஸ் ஏறிக் கண்ணயர்வதற்குள் வீடு வந்துவிடும், அவ்வளவு பக்கம். ஆனாலும் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அம்மா தினமும் போனில் கேட்பது ஒரே கேள்வி.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

பாதி நாள் அது பொய். யோசித்துச் சொன்ன பொய்யும் இல்லை. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிடும்.

களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது அந்தக் களைப்பு இல்லை. தூங்கி எழுந்தால் தலையணைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா ஒரு சாயங்காலம் இறந்துபோனார். அவருடைய மகன் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதார். பக்கத்தில் நின்ற எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: ஒரு கட்டில் காலி, ஃப்ளோர் ஒன்றை மேலே ஏற்றலாம். ஏற்றவும் செய்தேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. மெத்தையில் சுருண்டு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். சாலையைக் கடக்கும்போது, ஒரு வண்டி வந்து லேசாக இடித்தால் தேவலை, கால் எலும்பு ஒன்று போனால் மாவுக்கட்டோடு படுத்துக்கிடக்கலாம் என்று தோன்றும். சாக வேண்டும் என்று இல்லை. படுக்க வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது, அவ்வளவுதான். இதையே ஒரு நோயாளி என்னிடம் சொல்லியிருந்தால் அப்போதே மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு வந்தபோது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதனால்தான் வரவர வண்டிகளுக்கு ஒதுங்காமல் சாலையை நிதானமாகக் கடக்க ஆரம்பித்திருந்தேன்.

யாரிடம் சொல்வது? எங்கள் டாக்டர் கூட்டத்தில் காய்ச்சல் வந்தால் கையில் ஊசிக்குழாயைச் செருகிக்கொண்டு, சலைன் ஏற்றி முடித்ததும் அதே கையோடு வார்டுக்குத் திரும்புவதுதான் வழக்கம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அடுத்த டூட்டி பார்க்கிறவள் என் கல்லூரித் தோழி. ஊருக்குள்ளேயே வீடு. வாப்பா சவுதியில் இருந்தார், உம்மா அடுக்குச் சட்டியில் எங்கள் இரண்டு பேருக்குமாகச் சோறு அனுப்புவார். முன்பெல்லாம் ஊர்க்கதை அத்தனையும் பேசுவோம். அந்த மழைக்காலத்தில் எங்களுக்குள் மிச்சம் இருந்தது ஹேண்டோவர் மட்டும். காலையில் ஒருத்தி வந்ததும் இன்னொருத்தி வார்டை ஒப்படைக்க வேண்டும். படுக்கை எண், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, அடுத்து என்ன செய்வது. இதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவளும் நின்றபடி தூங்குகிறவளாகத்தான் ஆகியிருந்தாள்.

அன்றைக்குக் காலையிலும் மழை. பக்கத்து வார்டில், சாராயம் மலிவு என்று தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் குடிக்க வந்து கால்வாயில் விழுந்த ஒருவர் தன்னை ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் நனைந்த குடையோடு வந்து மேசையில் சாய்ந்து, ஒரு துண்டுத்தாளை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நான் ஒப்பித்தேன். கட்டில்கள் முடிந்தன. ஃப்ளோர் மூன்றும் முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை.

"ஃப்ளோர் நாலு. பொம்பள, இருபத்தஞ்சு வயசு. தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல. அழுகையும் வரல. ரோட்டுல வண்டி மோதுனா தேவலன்னு நெனக்கிறாங்க."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஃபீவர்?"

"இல்ல."

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"ப்ளான்?"

"இன்னும் யாரும் பாக்கல."

"சரி, நா பாத்துக்கறேன். நீ கெளம்பு."

திட்டம் போட்டு நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது யாரைப் பற்றி என்றே எனக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. டூட்டி அறைக்குப் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளம்பினால் சாலையைக் கடக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. ஃப்ளோர் மூன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தூணும், ஒழுகும் கூரைக்கு வைத்த வாளியும்தான் உண்டு. தோழி அங்கே போய்த் தேடியிருக்கிறாள். நர்ஸைக் கேட்டிருக்கிறாள். அப்படி யாரையும் சேர்க்கவே இல்லையே என்று அவர் சொன்னதும், நேற்று சேர்த்ததை மறந்துவிட்டார் என்று இவளாகவே முடிவுகட்டிவிட்டாள். வண்டியில் விழ நினைக்கிற பெண், துணைக்கு ஆள் இல்லை, இப்போது படுக்கையில் ஆளையே காணோம்! அதற்குப் பிறகு அந்த வார்டு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கழிவறைக் கதவுகளைத் தட்டினார்கள். டீக்கடைக்கு ஆள் ஓடியது. எந்தப் பொம்பளையையும் வெளியே விடாதே என்று வாசல் காவலரிடம் சொல்லிவிட்டார்கள். பார்வையாளர்களாக வந்த பெண்கள் வாசலில் சண்டைக்கு நின்றது எனக்கு உள்ளே வரை கேட்டது.

என்னைத்தான் தேடுகிறார்கள். இத்தனை பேர் தேடுகிறார்கள். எழுந்து போய் 'நான்தான்' என்று சொல்ல முடியாமல், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. சொன்னால் சிரிக்கக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு தோழி வந்தாள். மூச்சிரைத்தது.

"அடியே, ஃப்ளோர் நாலக் காணோம்டி! வெளில போயிட்டா போலருக்கு. என்ன டிரெஸ் போட்டுருந்தா? சீக்கிரம் சொல்லு!"

நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"மஞ்ச சுடிதார்" என்றேன். "மேல வெள்ளக் கோட்டு."

அவள் வாசலுக்குத் திரும்பிவிட்டாள். "மஞ்ச சுடிதாராம்!" என்று காவலருக்குக் குரல்கூடக் கொடுத்துவிட்டாள். பிறகுதான் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், மடியில் இருந்த பையைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடித்து அழுவதற்கெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"எத்தன நாளா?" என்றாள்.

ஓயாமல் ஊரையெல்லாம் நான் கேட்கிற கேள்வி. என்னை அன்றுவரை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நிற்கவே இல்லை. அவள் நாடியிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள்.

ரவுண்ட்ஸுக்கு வந்த பெரிய டாக்டரிடம் அவளே பேசினாள். "காணாமப் போன பேஷண்ட் கெடச்சுட்டாங்க சார்" என்று என்னைக் கைகாட்டினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க காலத்துல நாங்கள்லாம்..." என்று ஆரம்பித்தார். என்ன நினைத்தாரோ, பாதியில் விட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனநலத்துல காட்டிட்டு வீட்டுக்குப் போம்மா. நா சொல்லிக்கறேன்" என்றார். தோழி என்னைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். சாலையைக் கடத்திவிட்டு, பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

பஸ்ஸில் அம்மாவின் போன் வந்தது.

"சாப்ட்டியா?"

"இல்லம்மா" என்றேன்.

அப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு, "எங்கன இருக்க? நா பஸ்டாண்டுக்கு வரேன்" என்றாள்.

வீட்டில் படுத்துக்கிடந்தேன். மாத்திரை சாப்பிட்டேன். சொன்ன நாளுக்கெல்லாம் போய் மருத்துவரிடம் பேசினேன். ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பழைய 'சாப்ட்டேம்மா' மாதிரிதான். ஆனால் சாலையைக் கடப்பது மறுபடி வெறும் சாலையைக் கடப்பதாக ஆனது.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். எனக்குக் கிடைத்த ஓய்வு எங்கிருந்தோ வரவில்லை. என் டூட்டியைப் பார்க்கப் புதிதாக யாரையும் போடவில்லை. அத்தனையும் தோழியின் முதுகில்தான் ஏறியிருந்தது.

திரும்பி வேலைக்குப் போன காலையில் அவள்தான் வார்டை என்னிடம் ஒப்படைத்தாள். மழை விட்டிருந்தது. கட்டில்களைச் சொன்னாள், ஃப்ளோர் மூன்று வரை சொன்னாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. கோட்டுப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள்.

"ஃப்ளோர் நாலு எப்புடி இருக்காங்க?" என்று என்னைக் கேலியாகக் கேட்டாள்.

"தேவல. தூங்குறாங்க" என்றேன். "ஃப்ளோர் அஞ்சு?"

"அஞ்சு ஏதுடி? அங்க வாளிதான் இருக்கு" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டினாள். வாசல் வரை போனாள். திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எத்தன நாளா?" என்றேன்.